பத்து நிமிஷ இடைவேளை

"நீதிபதிக்கு ஆயுசு பூரா பதவின்னா, நாங்களும் ஆயுசு பூரா காத்துக்கிட்டே நிக்கணுமா, ரோண்டா?"

அமெரிக்காவில், டுலூத் நகரத்து ஃபெடரல் கோர்ட் வராந்தாவில் வக்கீல் பாஸ்வெல் பொரிந்து தள்ளினார். கோர்ட் குமாஸ்தா ரோண்டா கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீதிபதி லிண்ட்க்விஸ்ட்டுக்கு எழுபத்தொன்பது வயது. போன வாரம் முடிந்த ரயில் விபத்து வழக்கில், நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை, "மன்னிக்கணும், வயசான உடம்பு. பத்து நிமிஷம் இடைவேளை" என்று எழுந்து போய்விட்டார்.

"சாட்சியை மடக்கி வெச்சிருக்கேன். உண்மை தொண்டை வரைக்கும் வந்தாச்சு. இவர் இடைவேளைங்கறார். அவன் போய்த் தண்ணி குடிச்சு, முகம் கழுவி, புதுப் பொய்யோட வந்து உக்கார்றான். கேஸ் போச்சு."

"பாவம்தான்."

"மேல் கோர்ட் தலைமை நீதிபதிக்கு மனு எழுதியாச்சு. உடம்பு முடியாதவர், பதவியை விட்டு இறக்குங்கன்னு. பதினோரு வக்கீல் கையெழுத்து. எத்தனை இடைவேளைன்னு மட்டும் பதிவைப் பார்த்துச் சொல்லுங்க."

"இருபத்தாறு" என்றாள் ரோண்டா, பதிவைப் பார்க்காமலே. "எல்லாத்துக்கும் காரணம் 'நீதிபதியின் உடல்நிலை'ன்னுதான் இருக்கு."

"அது போதும். மத்தியானமே அனுப்பிடறேன்."

அன்று வேறு வழக்கு; தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுஜன ஜூரியும் வேறு. பாஸ்வெல் உஷாராகக் கேள்விகளை நாற்பது நாற்பது நிமிஷமாக வெட்டி வைத்திருந்தார். எப்படியும் இடைவேளை வரும் என்று மூன்று பெரிய கப் காபியும் குடித்திருந்தார்.

நாற்பது நிமிஷம் போனது. ஒரு மணி நேரம் போனது. நீதிபதி அசையவில்லை.

இரண்டாவது மணி நேரத்தில் பாஸ்வெல் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டார்.

"நீங்களே இடைவேளை கேளுங்களேன்" என்று கிசுகிசுத்தாள் கூட்டாளி வக்கீல் நோரா.

"அந்த மனுவை எழுதிட்டு எந்த மூஞ்சியோட கேக்கறது?"

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மன்னிக்கணும், மிஸ்டர் பாஸ்வெல். வயசான உடம்பு. பத்து நிமிஷம் இடைவேளை."

பாஸ்வெல் நடக்கவில்லை, பறந்தார்.

திரும்பி வரும்போது முகத்தில் தெளிவு வந்திருந்தது. நேராக ரோண்டாவிடம் போனார்.

"பார்த்தீங்களா? இருபத்தேழு. இதையும் சேர்த்துக்கறேன். எங்கே, இன்னும் பாத்ரூம்லதான் இருக்காரா?"

"அவர் எங்கேயும் போகலை. உள்ளே உக்காந்து பென்சில் சீவிக்கிட்டிருக்கார்."

"அப்புறம் எதுக்கு இடைவேளை?"

"போன கேஸ்ல ஆறாம் நம்பர் ஜூரர் ஞாபகம் இருக்கா? ஆறரை அடி உயரம், லாரி டிரைவர். ஆபரேஷன் ஆகி மூணு வாரம்தான் ஆச்சாம், அடக்க முடியாது. தீர்ப்பு முடிஞ்சு போறப்போ அவரே எங்கிட்டச் சொன்னார். அத்தனை பேர் நடுவுல கையைத் தூக்க வெட்கம். நீதிபதி ஜூரர்கிட்டத் தனியாப் பேசவும் கூடாது. எல்லார் முன்னாடியும் கேட்டா பதிவுல ஏறிடும். அந்த மனுஷன் நெளியறதைப் பார்த்துட்டு, அய்யா இடைவேளையைத் தன் பேர்லயே போட்டுக்கிட்டார்."



"சரி, அது போன கேஸ். இன்னிக்கு யாருக்காக?"

ரோண்டா இன்னும் ஈரம் காயாத பாஸ்வெல்லின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.