மிளகாய்ச் செடிக்கு ஹீட்டர்

காலையில் எழுந்ததும் அருணா காபியைத் தேடமாட்டாள். சமையலறைக்குப் பின்னால் இருக்கும் பால்கனிக்குத்தான் நேரே போவாள். அவளுடைய மிளகாய்ச் செடிகள் அங்கேதான் இருந்தன.

அன்றைக்குப் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். செடிகளின் மேல் ஒரு பழைய போர்வை கிடந்தது. இழுத்துப் பார்த்தால், இலையெல்லாம் துவண்டு தொங்குகிறது. பூவெல்லாம் தரையில். காய்கள் மட்டும் உதிராமல் தப்பியிருந்தன.

"செல்லம்."

வீட்டு வேலைக்கு இருக்கும் செல்லம், இலங்கையில் ஹட்டன் பக்கத்து மலைநாட்டுப் பெண், ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்த அழுக்குப் போர்வையை யார் இது மேல போட்டது?"

"நான்தான் மேடம். ராத்திரி முழுக்கக் காத்து. இதுங்க நடுங்கிற மாதிரி இருந்திச்சி."

"அது தெரிஞ்சுதுல்ல? உள்ள எடுத்து வைக்கணும்னு தோணலையா?"

"உங்களைக் கேக்காம ஹால்ல வைக்கலாமான்னு தெரியல மேடம்."

அருணாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஃபஹாஹீல் தமிழ்ப் பெண்களின் தோட்டக் குழுவுக்கு வாட்ஸ்அப்பில் அவள்தான் அட்மின். குவைத் குளிரில் செடியைக் காப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதியவள். அடுத்த வாரம் குழுவுக்கே வீட்டில் விருந்து; சொந்தச் செடியில் பறித்த மிளகாயில் தொக்கு என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சாத்தூரிலிருந்து வரவழைத்த சம்பா மிளகாய் விதை வேறு. வெயிலில் பிறந்த ஜாதி.

உயிருள்ள எதையாவது இந்தக் குளிரில் ராத்திரி வெளியே விடுவார்களா, மனசாட்சி என்று ஒன்று வேண்டாமா என்று வெகுநேரம் பேசித் தீர்த்தாள். செல்லம் போர்வையை மடித்து மார்போடு அணைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் கணவன் பாஸ்கர் ஆபீஸிலிருந்து வரும்போது, அவள் சொன்னபடி புது ஹீட்டர் ஒன்றோடு வந்தான். செடிக்கா ஹீட்டர் என்று முனகிப் பார்த்தான்.

"வாயில்லாத ஜீவன்ங்க. குளிருதுன்னு வாயைத் திறந்து கேக்குமா?"

பாஸ்கர் ப்ளக்கைச் சொருகினான்.

சோபாவை ஓரமாக நகர்த்தி, தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து ஹாலில் வைத்தாள் செல்லம். பழுத்த இலைகளைக் கிள்ளி, தண்ணீரைக் குறைத்து, ஹீட்டரை எட்ட வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாள் அருணா. 'பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள்' என்று குழுவில் போட்டாள். என்ன மனசு அருணா உனக்கு என்று பதில்கள் குவிந்தன. பிள்ளைகளும் நன்றி கெட்டவர்கள் இல்லை. சில நாளிலேயே தளிர் விட்டார்கள்.

விருந்து நாளன்று காலையிலிருந்தே செல்லம் அடுப்படியில் நின்றாள். செடியில் பறித்த மிளகாயை நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் பூண்டும் வைத்து அரைத்து, எண்ணெய் பிரியும்வரை கிளறினாள். இடையிடையே இருமினாள். மிளகாய் நெடி என்று சொல்லி, விருந்தாளிகளுக்குக் கேட்காதபடி சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள் அருணா.

தொக்கு தட்டுக்கு வந்ததும் பேச்சு நின்றது. கண்ணில் நீர் வழிய வழிய மறுபடியும் கேட்டு வாங்கினார்கள். செடிகளோடு நின்று படம் எடுத்தார்கள்.

கீழ்த்தளத்து ஹிஃப்ஸா மட்டும் செடிகளை விட்டு நகரவில்லை. அவளுடைய மிளகாய்ச் செடிகள் இந்தக் குளிரில் மொத்தமாகப் போய்விட்டனவாம்.

"அதையும் மனுஷனா நினைக்கணும் ஹிஃப்ஸா. நமக்குக் குளிர்ற மாதிரிதானே அதுக்கும்?" என்றாள் அருணா.

ஹிஃப்ஸா தலையாட்டினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள். "எங்கிட்ட கொத்தமல்லி, புதினாத் தொட்டி கொஞ்சம் இருக்குக்கா. அது குளிரைத் தாங்கிக்கும். எங்க பால்கனியில எடம் இல்ல. செடியெல்லாம்தான் உள்ள வந்துருச்சே, உங்க பின்பால்கனி இப்ப காலியாத்தானே கிடக்கு? அங்க வச்சுக்கட்டுமா?"

"காலியா?" அருணா கரண்டியோடு திரும்பிச் சிரித்தாள். "செல்லம் அங்கதானேம்மா படுக்கிறா. நீ இன்னும் கொஞ்சம் தொக்கு போட்டுக்கோ."