ரெண்டாவது முட்டை

"எங்க ஊட்டு சோத்தத் தின்னுட்டு எங்களையே மொறைக்கிறியா? உங்கம்மா ஓடுனா மாதிரி நீயும் எங்கனா ஓடிப் போயேன்டி!"

அப்ஸானாவின் சத்தம் செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். சிறுமியர் கூர்நோக்கு இல்லத்து முற்றத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த மற்ற பெண்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். கடலைக்காக மதில் மேல் காத்திருந்த கோட்டைக் குரங்குகூட அசையவில்லை.

வார்டன் ஜெயசுதா அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். திட்டு வாங்குவது பூங்குழலி ஆயிற்றே! சிங்கவரத்துக் குழாயடியில் பெரியம்மா ராஜாம்பாளின் மண்டையைக் குடத்தால் உடைத்து, கேஸாகி இங்கே வந்த பெண். வந்த புதிதில் தட்டு, கரண்டி, செருப்பு, எது கையில் கிடைத்தாலும் பறக்கும்.

நாளைக்கு விழுப்புரத்தில் விசாரணை. 'இப்போதெல்லாம் அடிதடி இல்லை' என்று ஜெயசுதா சொன்னால், அவள் நைனாவோடு வீட்டுக்குப் போகலாம். இன்று ஒரே ஒரு அறை விட்டாலும் எல்லாம் போச்சு. நாளைக்கு அவள் போட்டுக்கொள்ள என்று கடைவீதியில் ஒரு சுடிதார்கூட ஆசையாக வாங்கி வைத்திருந்தார் ஜெயசுதா.

பூங்குழலியின் முகம் சிவந்தது. கண்ணை மூடித் திறந்தாள். ஒரு மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்றாள்.

"இன்னாடி அப்புறம்? வெக்கங்கெட்டவளே!"

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லு. ஒறைக்கவே இல்ல."

ஐயோ, இந்தப் பிள்ளை வம்பை விலை கொடுத்து வாங்குகிறதே! ஜெயசுதா ஓடிவந்து நடுவில் நின்றார்.

"நிறுத்துடி அப்ஸானா! தினம் இதே வேலையா போச்சு உனக்கு. காலைல பாத்தேன், உன் தட்டுல ரெண்டு முட்டை, அவ தட்டுல ஒண்ணுகூட இல்ல. புடுங்கித் தின்னுட்டு அவளையே திட்டறியா?"

"மேடம், அது வந்து..."

"பேசாத! கொஞ்ச நாளா யாரையும் கைநீட்டி அடிக்கலியே, திருந்திட்டன்னு நெனச்சு ஏமாந்துட்டேன். கை சும்மா இருக்குது, வாய் வளந்துடுச்சு. துணிமணிய எடுத்து வை. உன்ன வேற ஹோமுக்கு மாத்தச் சொல்லி இன்னிக்கே எழுதறேன்."

அப்ஸானாவின் வாய் ஜென்மத்தில் முதல் முறையாக மூடிக்கொண்டது. பாவமாகப் பூங்குழலியைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர்.

"ஐயோ, வேணாம் மேடம்!" பூங்குழலி துள்ளி எழுந்தாள். மடியிலிருந்த மல்லாட்டை சிதற, குரங்கு மதிலிலிருந்து குதித்து ஒரு கை அள்ளிக்கொண்டு ஓடியது.

"உனக்கு இன்னாடி வந்துது? சொல்லக் கூடாதுன்னு மிரட்டி வெச்சிருக்காளா?"

"இல்ல மேடம். நாளைக்கு எங்க பெரியம்மாவும் கோர்ட்டுக்கு வருது. என்னப் பாத்ததும் வாயத் தொறக்கும். கேட்டா எனக்குக் கை பரபரங்கும்."

"அதுக்கும் இவளுக்கும் இன்னா சம்பந்தம்?"

"அது பேசற பேச்ச எல்லாம் இவளுக்குச் சொல்லிக் குடுத்து, தினம் திட்டச் சொன்னதே நாந்தான் மேடம். கேட்டுக் கேட்டு இப்ப எனக்குச் சிரிப்புதான் வருது. சும்மா திட்டுவாளா இவ? அதான் என் முட்டையக் குடுத்தேன். எவ மேலயாவது கைய வெச்சா முட்டை கெடையாதுன்னும் சொல்லிட்டேன்."

ஜெயசுதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். முற்றமே கொல்லென்று சிரித்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்ஸானா மெல்ல முன்னால் வந்தாள்.

"மேடம், இன்னிக்கு முட்டையத் தின்னாச்சு, பெரியம்மா திட்டு பாதியில நிக்குது. முடிச்சிடட்டுமா?"