மதிலுக்கு அந்தப் பக்கம்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் தையல்காரர்.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவரின் கை மதிலைத் தாண்டி வந்து, பூ உதிர்ந்த செடியில் காய்களைக் கிள்ளிக்கொண்டிருந்தது.

"வெட்கமா இல்ல? செத்துப்போனவ வெச்ச செடியிலயா கை வைக்கிற? திருட்டுப் பயலே!"

டிரைவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். அவர் கையில் இருந்த காய்களைத் தையல்காரர் வெடுக்கென்று பிடுங்கி, எரிந்துகொண்டிருந்த குப்பையில் வீசினார்.

பழைய கறுவு அது. மனைவி போன அன்று இந்த ஆள் எட்டிக்கூடப் பார்க்காமல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான். டியூட்டியாம் டியூட்டி!

ரோட்டோரத்தில் பார்த்த நீலக் காட்டுப்பூவின் விதையைக் கைக்குட்டையில் முடிந்து வந்து தூவியவள் மனைவி. அது பூத்தபோது அவள் இல்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு விதைகூடப் போடவில்லை. ஆனாலும் வருஷா வருஷம் முதல் மழைக்கு அது வந்துவிடும்.

தையல் மெஷினைப் பூ தெரியும் ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

"வந்துட்டியா? எனக்குக் கண்ணே சரியா தெரியல. நேத்து ஒருத்தன் சட்டைக்கு ரெண்டும் இடது கையா வெச்சுத் தைச்சுட்டேன், போ!"

அந்த வீட்டில் பேச்சுத் துணைக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பூ உதிர்ந்துவிட்டால் மட்டும் அவருக்குப் பார்க்கச் சகிக்காது. அவளும் கடைசியில் அப்படித்தான் காய்ந்து போனாள். உடனே வேரோடு பிடுங்கி எரித்துவிடுவார்.

டிரைவரைப் பிடித்த மறுநாளே மதில்மேல் ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்தார்.

மழை வந்தது. புல் வந்தது. பூ வரவில்லை.

தினமும் குனிந்து மண்ணைத் தடவிப் பார்த்தார். ஜன்னலோரம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பொறுக்க முடியாமல் ஒருநாள் தகரத்தைப் படபடவென்று தட்டினார்.

"டேய் டிரைவர்! உன் கொள்ளிக்கண்ணு பட்டுத்தான்டா அவ வராம போயிட்டா!"

அந்தப் பக்கமிருந்து டிரைவரின் குரல் வந்தது.

"இனி மறைச்சு என்ன செய்ய... அது ஒரு வருஷச் செடிண்ணே. பூத்து முடிஞ்சா அதோட ஆயுசு முடிஞ்சுது. காய் முத்தி விதை விழுந்தாத்தான் மறுபடி முளைக்கும். நீங்க அதுக்குள்ள எரிச்சுடுறீங்க. அதான் நாலு காய் எடுத்து வெச்சு, மழைக்கு முன்னாடி நான் இங்கிருந்து தூவிட்டு இருந்தேன். இந்த வருஷத்து விதை... அன்னைக்கு நெருப்புல போயிடுச்சு."

தையல்காரர் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாவி! இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? திருடன்னு திட்டினேனேடா!"

"நீங்க 'வந்துட்டியா'ன்னு அண்ணிகிட்ட பேசுறது எனக்கும் கேட்குமேண்ணே. வந்தது அவங்க இல்ல, நான் போட்ட விதைன்னு எந்த வாயால சொல்வேன்?"