இரண்டு கறுப்புப் பட்டைகள்

வாசலில் மனைவியின் நீலச் செருப்பைப் பார்த்ததும் அவன் அழைப்பு மணியை அழுத்தவில்லை. நேராகக் கதவை உதைத்தான்.

இடது வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அது அறுந்தது, அவன் அவளை முடியைப் பிடித்து மாடிப்படியில் தரதரவென்று இழுத்த அன்று. மனைவிக்குக் கையும் இரண்டு விலா எலும்பும் ஒடிந்தன. ஐந்து வயது மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஐயாவுக்கு இருபது நாள் சிறை, அப்புறம் ஜாமீன்.

மனைவி இருக்கும் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்பது ஜாமீன் நிபந்தனை. அவள் எந்த ஊரில் ஒளிந்திருக்கிறாள் என்பது அவளுடைய வக்கீலம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அந்த அம்மாள் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். இவனோ தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து, நீதிமன்றத்தில் கைகட்டி நின்ற பணிவு என்று நல்ல பிள்ளையாக இருந்தான். ஒழுங்காகத்தானே இருக்கிறார் என்று நீதிபதி இரண்டு மனுவையும் தள்ளிவிட்டார்.

மனைவி சாட்சி சொல்ல இன்னும் மூன்று வாரம். அதற்குள் அவளைக் கண்டுபிடித்துவிட்டால் சாட்சி சொல்ல ஆளே இருக்காது. பாவி, ராத்திரி பகலாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இன்று காலை வக்கீலம்மாவிடமிருந்து மூன்றாவது மனுவின் நகல் ஈமெயிலில் வந்தது. அவருடைய ஆபீஸ் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒற்றை அறை, ஒற்றைக் கம்ப்யூட்டர். குமாஸ்தா கிடையாது, டைப் அடிப்பதும் அந்த அம்மாள்தான். மனுவில் இரண்டு இடத்தில் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார். ஒன்று மனைவியின் தொடர்பு முகவரி, இன்னொன்று மகளின் பள்ளிக்கூடம்.

இவனுக்கு வேலையே பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான். மேலே பட்டையை ஒட்டிவிட்டால் அடியில் இருக்கும் எழுத்து அழிந்துபோகும் என்று நம்புகிற அப்பாவிகளை நிறையப் பார்த்திருக்கிறான். முகவரிப் பட்டையின் மேல் விரலை அழுத்தி, காப்பி செய்து, வேறொரு பக்கத்தில் ஒட்டினான். கதவு எண், தெரு, எல்லாம் பளிச்சென்று வந்து விழுந்தன. பள்ளிக்கூடப் பட்டையையும் அதேபோல் செய்து பார்த்தான். அதில் ஒன்றும் வரவில்லை. போகட்டும், வீடு கிடைத்ததே போதும் என்று இரும்புக் கம்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. கூடத்தில் யாரும் இல்லை. ஆத்திரத்துக்குக் கண்ணாடி அலமாரிதான் முதலில் கிடைத்தது. ஒரே வீச்சில் சில்லுச் சில்லாகி, உள்ளிருந்த தடித்தடிப் புத்தகங்கள் சரிந்தன. இவள் எப்போதிருந்து புத்தகம் படிக்கிறாள் என்று யோசிக்க அவனுக்கு ஏது பொறுமை?

குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"வெளிய வாடி," என்றான், நிதானமாக. "போன தடவ மாதிரி கையோட விட மாட்டேன். நீ கோர்ட் படி ஏறுறதுக்கு உசுரு இருந்தாத்தானே?"

கம்பியை ஓங்கிக் கதவில் இறக்கினான். பலகை பிளந்தது. உடைந்த ஓட்டை வழியாகக் கையை விட்டதில் சிராய் கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட நிற்காமல் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாளை இழுத்து உள்ளே பாய்ந்து, கண்மண் தெரியாமல் கம்பியை வீசினான். அடி சுவரில் பட்டுத் தெறித்தது. உள்ளே ஒரு வாளியும், திறந்துவிட்ட குழாயும்தான் இருந்தன.

அவன் திரும்புவதற்குள் சமையலறையிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். சும்மா பிடிபடுகிற ஆளா அவன்? சுழற்றிய கம்பி முன்னால் வந்தவரின் தோளில் இறங்கியது. எலும்பு உடைந்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது. பின்னால் வந்தவர் அவன் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தரையில் சாய்த்தார். வாய் தரையில் மோதி முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. முதுகில் முழங்காலை ஊன்றிக் கையில் விலங்கை மாட்டிய பிறகும் கால்களை உதைத்துக்கொண்டுதான் கிடந்தான். அடிபட்ட போலீஸ்காரரை நினைத்தால் வயிறு எரிகிறது. இவனை நினைத்து ஒன்றும் தோன்றவில்லை.

படுக்கையறையிலிருந்து வக்கீலம்மா வந்தார். கையில் செல்போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

"அவ எங்க? அவ வீட்ல உனக்கு என்ன வேலை?" என்று கத்தினான்.

"இது என் வீடு. தொடர்பு முகவரின்னுதானே போட்டிருந்தேன்," என்றார். மனைவியும் மகளும் இங்கிருந்து வெகு தூரத்தில் பத்திரமாக இருப்பதாகவும், இன்று சாயங்காலமே இந்தப் படம் நீதிபதியிடம் போகும் என்றும் சொன்னார்.

அவன் ரத்தத்தைத் தரையில் துப்பினான். அந்த நிலைமையிலும் திமிர் அடங்கவில்லை. "ஒரு முகவரிய ஒழுங்கா மறைக்கத் தெரியல. நீயெல்லாம் ஒரு வக்கீலா?"

வக்கீலம்மா வாசலுக்குப் போய் நீலச் செருப்பை எடுத்து, தூசியைத் தட்டி ஒரு பையில் போட்டுக்கொண்டார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"பாப்பாவோட பள்ளிக்கூடத்துப் பேரு வந்துதா, தம்பி?"