தக்காளிச் செடி விசாரிப்பு

“செடி எப்படியிருக்கு?”

சண்டை போட்டுக்கொண்டு அடி அண்ணாமலை கிராமத்திலுள்ள அம்மா வீட்டுக்கு வந்துவிட்ட அருணாதேவியிடம் தினமும் போனில் அவள் கணவன் திருமலை கேட்பது இது ஒன்றுதான். அவன் தாவர ஆராய்ச்சியாளன்.

“ஜீனை மாத்தின தக்காளிச் செடி. இதுல இலைக்குப் பச்சை நிறம் தர்ற பசுங்கணிகம் ரெண்டா பிரியாது. செல்லுக்கு ஒண்ணே ஒண்ணு பெருசா இருக்கும். நம்ம வேங்கிக்கால் வீட்டுல வெயில் ஜாஸ்தி, இங்கயே இருக்கட்டும்” என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“நல்லாருக்கு” என்பாள். வேறு ஏதாவது கேட்பானா என்று காத்திருப்பாள். கேட்க மாட்டான்.

இன்று அவளே அழுதுகொண்டு கூப்பிட்டாள். “செடியை ஆடு தின்னுடுச்சுங்க. உங்க ஆராய்ச்சியே போச்சு!”



“அந்தச் செடியையெல்லாம் லேபை விட்டு வெளிய எடுத்துட்டு வர விடமாட்டாங்க, அருணா. இது சந்தையில வாங்கின நாத்து. நாளைக்கு நான் எதை விசாரிக்கிற சாக்குல உனக்குப் போன் பண்ணுவேன்?”