கட்டிலின் உயரம்

கரையான் கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். சாக்ஸ் போட்ட இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

கரையான் என்று பெயர் வைத்தது அவள்தான். மரம் என்று ஒன்றைக் கண்டால் உள்ளே புகுந்து பார்க்காமல் விடமாட்டார். மற்றவர்களுக்கு அவர் பழைய இங்கிலீஷ் மரச்சாமான் சேகரிப்பவர்களின் சங்கத் தலைவர். அவள் கணவருக்குக் கிட்டத்தட்ட கடவுள்.

அவள் கூடத்தில் இரும்புக் கட்டிலில் படுத்திருந்தாள். படுக்கையறைக் கதவை விரியத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் பார்க்கட்டும் என்று அல்ல, தலைவருக்கு வெளிச்சம் வேண்டும் என்று.

அங்கிருந்து மஹோகனிக் கட்டில் பாதி தெரிந்தது. நாலு மூலையிலும் தூண், தூண் முழுக்கத் திராட்சைக் கொடி, தலைமாட்டில் பூவும் இலையுமாக ஒரு தோட்டமே செதுக்கியிருந்தார்கள். அழகுதான், யார் இல்லை என்றது? ஆனால் மெத்தை அவள் இடுப்புக்கு மேலே இருக்கும். கட்டிலோடு வந்த மரப்படியில் ஏறித்தான் படுக்க வேண்டும், அதில் இறங்கித்தான் எழுந்திருக்க வேண்டும். மகாராணி வாழ்க்கை, கேட்பானேன்!

முட்டி தேய ஆரம்பித்ததும் அவள் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், சண்டை போட்டாள், சில நாள் பேசாமலும் இருந்தாள்.

"ஏங்க, கீழ ஒரு சாண் அறுத்துட்டா நான் பாட்டுக்கு இறங்கிடுவேன்ல?"

பெற்ற பிள்ளையை அறுக்கச் சொன்னதுபோல் அவர் பதறிப்போனார்.

"ரம்பம் படாத கட்டில்டி இது. முழுசா இருந்தாத்தான் அதுக்கு மரியாதை."

சரி, வேறு கட்டில் வாங்கலாம் என்றால் போட இடமில்லையாம். வீடு முழுக்க உட்காரக் கூடாத நாற்காலிகள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலாவது வைத்துக்கொள்கிறேன் என்றால் அது கட்டிலுக்குக் கேவலமாம்.

ஒரு விடியற்காலையில் பாத்ரூம் போக இறங்கினாள். கால் படியைத் தவறவிட்டது. இடுப்பெலும்பு போயிற்று. தகடு வைத்தார்கள், நடக்க வைத்துவிடுவோம் என்றார்கள். சொன்னதோடு சரி.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு, இல்லாத இடம் எங்கிருந்தோ வந்துவிட்டது. இரண்டு நாற்காலியை நகர்த்தி இரும்புக் கட்டிலைப் போட்டார்கள். அவ்வளவுதான் வேலை.

இப்போது சங்கம் கண்காட்சி வைக்கிறது. பின்னாளில் யாரும் கை வைக்காத சாமான்களுக்குத்தான் அதில் இடம். கட்டிலைக் கண்காட்சியில் பார்த்துவிட்டால் போதும், பிறவிப் பயன் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து சாப்பிடவில்லை. அறை வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

அவளும் வேண்டிக்கொண்டுதான் இருந்தாள்.

வெட்கக்கேடுதான். ஆனாலும் வேண்டிக்கொண்டாள். கட்டில் தேறிவிட வேண்டும். ரம்பம் படவில்லை என்று அந்தக் கரையான் தன் வாயால் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தன் இடுப்பு எதற்காக உடைந்தது? ஏதோ ஒன்றாவது முழுசாக மிஞ்சியது என்று நினைத்துக்கொண்டாவது கிடக்கலாம்.

உள்ளே தட்டும் சத்தம் கேட்டது. பிறகு சுரண்டும் சத்தம். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை.

கரையான் பின்பக்கமாக ஊர்ந்து வெளியே வந்தார். முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க சார். கால் நாலும் அறுபட்டிருக்கு."

"சான்ஸே இல்ல. நான் கை வைக்கவே இல்லையே!"

"நீங்க இல்ல சார், இது ரொம்பப் பழைய வேலை. மேலேருந்து வர்ற மர ரேகை பாருங்க, இங்க வந்து நின்னுடுது. கீழ ஒரு சாண் வேற மரம், சாயம் பூசியிருக்கு. முதல்ல அறுத்திருக்காங்க, அப்புறம் விக்கிறப்ப யாரோ ஒட்டுப்போட்டு உயரத்தைச் சரிபண்ணியிருக்காங்க."

கணவர் குனிந்து கட்டில் காலைத் தடவிப் பார்த்தார். "இப்படி ஒரு கட்டிலை எவனுக்கு சார் அறுக்க மனசு வரும்?"

கரையான் லேசாகச் சிரித்தார். மரத்தை மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர். கூடத்தில் ஒருத்தி படுத்திருப்பது அவர் நினைவிலேயே இருந்திருக்காது.

"வீட்டுக்காரர்தான் அறுத்திருப்பார். வீட்டம்மாவுக்கு இறங்க முடியலைன்னா வேற என்ன சார் பண்ணுவாங்க?"

அவருக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிப் போனார்.

கணவர் கூடத்துக்கு வந்து அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. அவள் விழுந்த அன்றுகூட இப்படிக் கலங்கவில்லை.

"கேட்டியா? என்னை ஏமாத்திட்டான்." கட்டிலை விற்ற கடைக்காரனைச் சொன்னார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எந்த ஊர்க்காரியோ, எந்தக் காலத்தவளோ, பேர்கூடத் தெரியாத ஒருத்தி. அறுத்த கட்டிலிலிருந்து தினமும் தானாக இறங்கி, தரையில் கால் ஊன்றி நடந்து போயிருப்பாள்.

அவளை நினைத்தால் இவளுக்கு வயிறு எரிந்தது.