கண்ணை மூடிக் கேளுங்கள்

மூன்றாவது முறையாக அந்த அம்மாவை அழ வைத்தார் டீச்சர்.

ஊடகவியல் வகுப்பு. ஜன்னல் திரை பாதிதான் மூடும். வெயில் விழுந்த சுவரில் படம் மங்கலாக ஓடியது. தீப்பிடித்த கிடங்கின் வாசலில், மகனைத் தேடி வந்த ஒரு அம்மா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். கொஞ்ச நேரத்தில் கைகள் இறங்குகின்றன. கேமரா அந்த முகத்துக்குப் பக்கத்தில் போய்விடுகிறது.

முதல் முறை சத்தமில்லாமல் காட்டினார். கைகள் ஏன் இறங்கின என்று கேட்டார். கண்ணைத் துடைக்க என்றான் ஒருவன். தன் துக்கம் ஊருக்கே தெரியட்டும் என்று நினைத்திருப்பார் என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். வழக்கம்போல நானும் ஏதோ சொன்னேன். வகுப்பில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர்.

இரண்டாம் முறை படம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள் என்றார். சேனல்காரர்கள் போட்ட சோக வயலினுக்கு அடியில், கேமராவுக்கு மிகப் பக்கத்தில், ஒரு ஆண் குரல்.

"மொகத்த கொஞ்சம் காட்டுங்கம்மா."

அவ்வளவுதான். அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அந்த அம்மா திட்டியாவது விரட்டியிருப்பார். அத்தனை தன்மையாகக் கேட்டதால்தான் கையை எடுத்தார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தையும் குரலையும் சேர்த்துப் பார்த்தபோது வகுப்பே கொதித்தது. கேமராவுக்குப் பின்னால் நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை, அதற்காகத்தான் இந்தப் பாடம் என்றார் டீச்சர். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று அலைகிற ஜென்மம் என்றாள் பக்கத்தில் இருந்தவள். இந்த ஆளுக்கெல்லாம் சோறு எப்படி இறங்கும் என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்.

நன்றாகத்தான் இறங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

டீச்சர் மேல் கோபம் வந்தது. உலகத்தில் வேறு வீடியோவே கிடைக்கவில்லையா? நேற்று வரை சீரியல் கதை பேசிய வாய்கள் இன்று நியாயம் பேசியதைக் கேட்டுக் கோபம் வந்தது. கேட்டதும் கையை எடுத்த அந்த அம்மா மேல்கூட வந்தது. அது அநியாயம் என்று தெரிந்தும் வந்தது.

வகுப்பின் சார்பில் சேனலுக்குப் புகார் அனுப்புவது என்று முடிவானது. அந்தக் கேமராமேனை வேலையை விட்டு நீக்கச் சொல்லலாமா, கண்டிக்கச் சொல்வதோடு விடலாமா? நீக்க வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் டீச்சர். ஒரே ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அந்த வரியை எழுத வேண்டாம் என்றார்.

எல்லாக் கைகளும் மேலே போயின. என் கை மட்டும் மேசையிலேயே கிடந்தது.

"ஏய் முந்திரிக்கொட்டை, உனக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. சுவரில் அந்த அம்மாவின் முகம் அப்படியே நின்றிருந்தது. மகனைப் பற்றி ஒரு வார்த்தை தெரிந்துகொள்ள ஓடி வந்தவர். அழுவதற்கு அவருக்கு இருந்த மறைவு அந்த இரண்டு கைகள்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினேன்.

பள்ளி விட்டு வெளியே வந்தேன். வழக்கமான இடத்தில், பைக்கின் டேங்க் மேல் பெரிய கறுப்புக் கேமராப் பையை அணைத்து வைத்துக்கொண்டு அப்பா காத்திருந்தார். சயின்ஸ்தான் எடுக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றபோது, என் மகள் ஊடகவியல்தான் படிப்பாள் என்று சொல்லி, சொன்னபடி சேர்த்துவிட்டவர்.

அவரைப் பார்த்ததும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டேன். அழவில்லை. கோபம்தான்.

பதறிப்போய் ஓடி வந்தார். என் தலையில் கை வைத்தார்.

"மொகத்த கொஞ்சம் காட்டும்மா."

நான் கையை எடுக்கவில்லை.